குழாயைப் பிடுங்கினேன், குமிழியைச் சுரண்டினேன்

கையில் கத்தி. எதிரே பிளாஸ்டரில் வார்த்த ஒரு கீழ்த்தாடை. என் கணவருடைய தாடை.

காலை பத்து, பத்தரை இருக்கும். கானாங்கெளுத்தி மீன் விற்கிற வண்டி தெருவில் கூவிக்கொண்டு போனது. நான் தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, வழக்கம்போலக் குமிழி தேடினேன். முன்பல் பக்கம் ஒன்று, கடுகளவு. சுரண்டினேன், ஊதினேன். இடப்பக்கம், ஈறின் உள்புறம், நாக்கு உரசுகிற இடத்தில் இன்னொன்று. இது துவரம்பருப்பு அளவு. அதன்மேல் கத்தியை வைத்தேன்.

வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

இதே இடத்தில் நான் முன்பே ஒரு குமிழியைச் சுரண்டியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால். அப்போது அது மிளகளவு இருந்தது.

காற்றுக் குமிழி எங்கே வேண்டுமானாலும் வரும். ஆனால் வேறு நாளில், வேறு மாவில் எடுத்த இரண்டு அளவிலும் ஒரே இடத்தில் வந்து உட்காராது. அதுவும் வளர்ந்து வராது.

கத்தியைக் கீழே போட்டேனா, வைத்தேனா என்றுகூட நினைவில்லை. மாடியில் அவர் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

என் தொழிலில் வாய் கிடையாது

இந்தத் தொடரை நடுவில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பல் செட் செய்கிறவள். புதுச்சேரியில் எங்கள் வீட்டின் பின்கட்டு அறைதான் என் பட்டறை. ஒரு மேசை, ஒரு ஸ்பிரிட் விளக்கு, அரைக்கிற மோட்டார், மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டர். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

பல் செட் செய்கிறவள் என்றதும், “எத்தனை பேர் வாயைப் பார்த்திருப்பீங்க!” என்கிறார்கள். ஒரு வாயையும் பார்த்ததில்லை. வாய்க்குள் கை வைப்பது டாக்டர் வேலை. டாக்டர் குழைத்த மாவை ஒரு டிரேயில் நிரப்பி, நோயாளியின் வாயில் அழுத்தி அளவு எடுப்பார். அந்தப் பள்ளம்தான் என்னிடம் வரும். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றுவேன். காய்ந்ததும் தட்டி எடுத்தால் தாடை.

மாவில் எங்காவது காற்று சிக்கியிருந்தால் அந்தப் பொத்தலுக்குள் பிளாஸ்டர் இறங்கி, ஒரு குட்டி உருண்டையாக நிற்கும். வாயில் இல்லாத உருண்டை. அதை விட்டுவைத்தால் செட் சரியாக உட்காராது. அதனால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் நாளே பழகுகிற வேலை இது. சுரண்டு, ஊது, அடுத்தது. யோசித்துச் செய்வது கிடையாது.

என் அம்மா தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து மீன் விற்றவள். எவ்வளவு அவசரம் என்றாலும் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு வஞ்சிரத்தை வாங்கமாட்டாள். “மேல பளபளன்னு இருந்தா ஆச்சா? உள்ள பாரு” என்பாள். அவள் வயிற்றில் பிறந்த நான், கட்டின புருஷனின் வாய்க்குள் ஒரு தடவைகூடப் பார்க்காமல் முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். எழுதும்போதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சொல்தாவுக்கு ஒரு நாளைக்கு ஒன்று

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். என் கணவர் லெயோன் அப்படி ஒரு சொல்தா. மீன்காரி மகளுக்கும், ஞாயிறு பூசை தவறாத சொல்தாவுக்கும் எப்படிக் கல்யாணம் நடந்தது, இரண்டு வீட்டிலும் யார் யார் மண்ணை வாரித் தூற்றினார்கள் என்பதையெல்லாம் ஆரம்ப வாரங்களில் எழுதிவிட்டேன். திரும்ப எழுதினால் நாத்தனார் சண்டைக்கு வருவாள்.

அவரிடம் இரண்டு விஷயம் மாறவே மாறாது. ஒன்று, எது கேட்டாலும் “சவா.” பரவாயில்லை, நன்றாக இருக்கிறேன், சரி, விடு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பிரெஞ்சுச் சொல். காய்ச்சல் கொதித்தாலும் சவா. சாம்பாரில் உப்பு இல்லையென்றாலும் சவா.

இன்னொன்று பைப். ராணுவத்தில் வாங்கிய முதல் சம்பளத்தில் வாங்கியது. தேன் நிற மரக் கிண்ணம், கறுப்பு வாய்க்குழல். பாரீஸிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் புகையிலைப் பொட்டலம் கொண்டுவருவார்கள். ஈரமும் இனிப்புமாக ஒரு வாசனை. பொட்டலத்தில் இருக்கிறவரை எனக்கே பிடிக்கும். பற்ற வைத்தால் பிடிக்காது.

கல்யாணமான புதிதில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். ஒரு நாளைக்கு ஒரு தடவை. சாயந்திரம் காபிக்குப் பிறகு, மொட்டை மாடியில். வீட்டுக்குள் கூடாது. இத்தனை வருஷமும் அதை அவர் மீறியதில்லை. மீற வைத்தவள் நான்.

போன் சொன்ன வைத்தியம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை விட்ட மாதம் என்று நினைவு. பைப் பிடிக்கிறவர்களுக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறதாம், அதில் அவர் சேர்ந்தார். எந்தெந்த நாட்டிலிருந்தோ பேசுவார்கள். இவர் பிரெஞ்சில் பதில் போடுவார். காலையில் கண் விழித்ததும் அதுதான்.

ஒரு நாள் பைப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார். அவர் பட்டறைக்குள் வருவதே அபூர்வம். வரிசையாகப் பல் இளிக்கிற தாடைகளைப் பார்த்தால் அவருக்கு ஆகாது.

“அஞ்சல, புகை நாக்கக் கடிக்குது. இடப்பக்கமா எரியுது.”

“நிறுத்திடுங்க. எரியாது.”

“புகைல தப்பு இல்ல. உள்ள இருக்குற இரும்புதான். குழுல எல்லாரும் அதான் சொல்றாங்க. அத்தப் புடுங்கிட்டா புகை பஞ்சு மாதிரி வருமாம்.”

“பஞ்சா வந்தா இன்னா, பாறாங்கல்லா வந்தா இன்னா? புகை புகைதான்.”

“உனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாததுக்கு என்னோட பிளையர் மட்டும் எதுக்கு?”

சிரித்தார். வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

வாய்க்குழலைத் திருகிக் கழற்றிக் காட்டினார். மரத்துக்குள் போகிற முனையில் ஒரு உலோகக் குழாய் செருகியிருந்தது. சுண்டுவிரலில் பாதி நீளம், நுனி தட்டையாக, பக்கத்தில் ஒரு கீறல். செய்தவர்கள் புகையைக் குளிரவைக்கத்தான் அதை வைத்தார்களாம். ஆனால் புகை போகிற வழியே அதனால் குறுகிவிடுகிறது, உள்ளே நீர் கோத்துக்கொண்டு களகளவென்று சத்தம் போடுகிறது, சுத்தம் செய்கிற குச்சியும் நுழையமாட்டேன் என்கிறது, அதனால் புகை சூடாக வந்து நாக்கைக் கடிக்கிறது. இது அந்தக் குழுவின் தீர்ப்பு. அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

நாக்கு எரிகிறது என்று ஒருவர் சொன்னால், பல் தொழிலில் இருக்கிறவள் என்ன கேட்டிருக்க வேண்டும்? “எங்கே, காட்டுங்க” என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது, “அந்தக் குழாய் ஒட்டினதா, திருகினதா?”

டக்கென்று வந்தது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பைப் பிடிக்காது, ஆனால் இந்த மாதிரி வேலை பிடிக்கும். வராத ஒன்றை உடைக்காமல் வரவைப்பது. என் வாழ்க்கையே இறுகிப்போன உலோகத்தையும் பிளாஸ்டரையும் கெஞ்சிப் பிரிக்கிறதுதான்.

குழாயைச் சுற்றிப் புகைக்கறை கட்டியாகிப் பசை மாதிரி இறுகியிருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தேன். அசையவில்லை. பிளையரின் வாயில் துணி சுற்றிப் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. வாய்க்குழல் உடைந்தால் போச்சு, அந்த மாதிரி இன்னொன்று கிடைக்காது.

“விட்டுடலாமா?” என்றார். அவர் முகத்தில் வேர்வை.

“பேசாம நில்லுங்க.”

மெழுகு உருக்குகிற ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். கறுப்புக் குழலில் சூடு படாமல், உலோக நுனியை மட்டும் தீயின் ஓரத்தில் காட்டிக் காட்டி எடுத்தேன். கறை இளகி ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல? எரிந்த வெல்லமும் சாக்கடையும் கலந்த நாற்றம். மறுபடி பிளையர், மறுபடி ஒரு திருகு.

டக்கென்று வந்தது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் “ஆ!” என்றோம். குழாய் முழுக்கக் கன்னங்கரேலென்று கறை. வாய்க்குழலைக் கண்ணுக்கு நேரே வைத்து ஜன்னலைப் பார்த்தேன். முன்னே இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. சுத்தம் செய்கிற குச்சி சரசரவென்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனது.

“இத்தனை கறுப்பும் உங்க உள்ளயும் இருக்கும்ல?” என்றேன், குழாயைக் காட்டி.

“அதெல்லாம் அதுலயே நின்னுடும்” என்றார். பைப்பைப் பிடுங்கிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் மாடிக்கு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து பிரெஞ்சில் நன்றி. “அஞ்சல! மெர்ஸி! அமிர்தம்!”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இதை மறைக்கக் கூடாது. நான் பெருமைப்பட்டேன். போன் குழுவில் அவர் என் கையையும் பிளையரையும் படம் பிடித்துப் போட்டார். முன்பின் தெரியாதவர்கள் கட்டைவிரல் தூக்கிக் காட்டினார்கள். அதை அவர் போனில் மூன்று தடவை பார்த்தேன்.

அந்த வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒன்று என்பது இரண்டாகி, மாதம் முடிவதற்குள் மூன்றாகிவிட்டது. “இப்பதான் புகை நல்லா வருதே” என்றார். நானும் விட்டுவிட்டேன். நான் சரி பண்ணிக் கொடுத்த பொருள் ஆயிற்றே.

கண்ணாடி முன்னால் ஒரு முதுகு

எரிச்சல் போகவில்லை. பத்துப் பதினைந்து நாளில் திரும்ப ஆரம்பித்தது.

இந்தத் தடவை அவர் வேறு காரணம் கண்டுபிடித்திருந்தார். கீழ் செட் பழசாகி ஆடுகிறது, அதனால் பைப்பை ஒரே பக்கமாகக் கடிக்க வேண்டியிருக்கிறது, அதனால்தான் அந்தப் பக்கம் எரிகிறது. புதிதாக ஒரு செட் செய்துகொடு என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

இப்போது அந்த மூடிய வாய்ச் சிரிப்புக்கு வருகிறேன். லெயோனுக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டன. செட் இல்லாமல் தன் வாயை நான் பார்க்கக் கூடாது என்பது அவருடைய வீம்பு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவுவார். பல் செட் செய்கிறவளிடம் ஒருவர் வாயை மறைத்து வாழ்ந்தார் என்றால் நம்புவீர்களா? நான் அதைக் கூச்சம் என்று நினைத்து ரசித்தேன்கூட. பழைய செட்டுக்கு அளவு எடுத்தது ஒரு டாக்டர். இப்போது டாக்டரிடம் போகலாம் என்றால், “நீயே எடு” என்றார்.

எடுப்பது என் வேலை இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனாலும் மாவைக் குழைத்து டிரேயில் நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று, தானே வாய்க்குள் அழுத்திக்கொண்டார். நான் பின்னாலிருந்து, “நாக்கத் தூக்குங்க, ஆட்டாதீங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இறுகியதும் எடுத்துக் கழுவிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பிளாஸ்டர் தாடையைத் தட்டி எடுத்தேன். நாலைந்து குமிழி. அவராக வைத்த அளவு, காற்று சிக்காமல் இருக்குமா? ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். இடப்பக்கம் உள்ளே இருந்த மிளகையும் சுரண்டினேன். கொஞ்சம் கெட்டியாக உட்கார்ந்திருந்தது, இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. ஊதினேன். வழவழவென்று ஆகிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் பக்கத்து ஸ்டூலில் காபி டம்ளர். எப்போது கொண்டுவந்து வைத்தாரோ, ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. சொல்லாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டு எடுத்துக் குடித்தேன்.

சவா, சவா

செட் தயாரானது. போட்டுக்கொண்டார்.

“எப்படி இருக்கு?”

“சவா.”

“எங்கயாவது அழுத்துதா?”

“சவா, சவா.”

இந்தத் தொழிலைத் தெரிந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் சுரண்டியது காற்றுக் குமிழி இல்லை. அவர் ஈறில் உண்மையாகவே இருந்த தடிப்பு. அதைப் பிளாஸ்டரில் சுரண்டிவிட்டு, அந்த வழவழப்புக்குப் பொருந்துகிற மாதிரி செட் செய்தேன். ஆக, அந்தச் செட் வாய்க்குள் போனதும் எங்கே போய் அழுத்தும்? சரியாக அந்தத் தடிப்பின் மேல். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் அழுத்தும். நான் என் கையால் செய்து கொடுத்தேன். இரண்டு மாதம் அவர் அதைப் போட்டுக்கொண்டு என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

காலையில் ரொட்டியின் மொறுமொறு ஓரத்தைப் பிய்த்து என் தட்டில் வைக்க ஆரம்பித்தார். அந்த ஓரத்துக்காகவே விடிந்ததும் ரொட்டிக் கடைக்குப் போகிற மனிதர். “உனக்குப் பிடிக்குமே” என்றார். எனக்குப் பிடிக்கும், சாப்பிட்டேன். மத்தியானம் ரசம் சாதத்தைப் பிசைந்து, பிசைந்து, கூழாக்கிக் குடித்தார். வலப்பக்கமாகத் தலையைச் சாய்த்து மென்றார். ஒரு நாள் துண்டில் ரத்தக்கறை பார்த்தேன்.

“செட்டு குத்துதா? மறைக்காம சொல்லுங்க.”

“கொஞ்சமா.”

“சொல்றதுக்கு இன்னா கேடு? குடுங்க, வேற அளவு எடுத்துச் சரி பண்றேன்.”

மறுபடி மாவு, மறுபடி கண்ணாடி, மறுபடி முதுகு. மறுநாள் காலை கானாங்கெளுத்தி வண்டி போனது, நான் கத்தியை எடுத்தேன். அங்கேதான் இந்த வாரக் கதையை ஆரம்பித்தேன்.

வாயைத் திறங்க

பட்டறையிலிருந்து மாடிக்குப் பதினெட்டுப் படி. எப்படி ஏறினேன் என்று தெரியாது. கையில் அந்தத் தாடை. அவர் கைப்பிடிச் சுவரோரம் நாற்காலி போட்டு, பைப்பில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தார். காலையில்! பத்தரை மணிக்கு!

“வாயத் திறங்க.”

“இன்னா ஆச்சு?”

“திறங்கன்னு சொல்றேன்ல!”

என் முகத்தைப் பார்த்தார். பைப்பைக் கீழே வைத்தார். இரண்டு விரலால் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக என் எதிரே வாயைத் திறந்தார்.

வெயில் நேராக உள்ளே விழுந்தது. நாக்கை என் விரலால் ஒதுக்கினேன். வெள்ளையும் சிவப்புமாக, ஓரம் தடித்து, நடுவில் புண்ணாகி இருந்தது. பிளாஸ்டரில் நான் பார்த்த அதே வடிவம். பிளாஸ்டருக்கு நிறம் கிடையாது. அதுதான் வித்தியாசம்.

ஐயோ என்று கத்தினேனா? இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிமெண்டுத் தரை கொதித்தது, அது பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

“சவா, அஞ்சல” என்றார். செட் இல்லாத வாயில் அந்தச் சொல் குழறியது.

“இன்னொரு தடவை அந்த வார்த்தைய சொன்னீங்க, மாடிலேந்து குதிச்சிடுவேன்” என்றேன்.

அன்றைக்கே, நான் வேலை செய்துகொடுக்கிற பல் டாக்டரம்மாவிடம் போனோம். நாற்காலியில் சாய்த்து விளக்கை இழுத்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். “எவ்வளவு நாளா இருக்குக்கா?” என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் லெயோன், “கொஞ்ச நாளா” என்றார்.

சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம். வந்தது. நாங்கள் பயந்ததுதான், புற்று. எலும்பின் ஓரத்தைத் தொட்டிருக்கிறது, கழுத்துக்கு இறங்கவில்லை, ஈறையும் கொஞ்சம் தாடை எலும்பையும் வெட்டி எடுத்தால் பிழைக்க வழி உண்டு என்றார்கள். இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தால் எலும்பைத் தொட வேண்டியிருக்காதோ என்று அந்த அறுவை டாக்டரிடம் கேட்டேன். “அதை இப்ப யோசிக்காதீங்கம்மா” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

எழுதிக் காட்டியது

அறுவை முடிந்து ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ. மூக்கில் குழாய், தாடைக்கடியில் தையல், முகம் ஒரு பக்கம் வீங்கி வேறு யாரோ மாதிரி படுத்திருந்தார். பேசக் கூடாது. ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். “ஃபேன்”, “தண்ணி”, “போன் சார்ஜ்” என்று எழுதிக் காட்டுவார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அன்று சொல்லிவிட்டேன். நான்தான் அதை முதலில் பிளாஸ்டரில் பார்த்தேன், குமிழி என்று சுரண்டிப் போட்டேன், என் செட்டுதான் அதன்மேல் உரசிக்கொண்டே இருந்தது, அந்தக் குழாயைப் பிடுங்கிப் புகையை நன்றாக வரவைத்ததும் நான்தான். எல்லாவற்றையும் கொட்டினேன். மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன்.

அவர் நோட்டை வாங்கி எழுதினார். ஒரே சொல்.

“தெரியும்.”

“இன்னா தெரியும்?”

எழுத நேரம் எடுத்தது. ஒவ்வொரு வரியாக எட்டிப் பார்த்தேன்.

“நீ சுரண்டும்போது பின்னாடிதான் நின்னேன். காபி எடுத்துட்டு வந்தேன். அது எந்த இடம்னு எனக்குத் தெரியும். நாக்கு தினம் அங்கதான் போவும். நீ சுரண்டி ஊதுன. சுத்தமா போயிடுச்சி. எனக்கும் போயிடுச்சின்னு நெனச்சிக்கிட்டேன்.”

அந்த ஆறிப்போன காபி! இந்த மனுஷன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, தன் வாயிலிருப்பதை நான் கத்தியால் வழிக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் டம்ளரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நானும் அதைக் குடித்திருக்கிறேன்.

“அடப்பாவி மனுஷா! அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஏன் சொல்லல?”

ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். நர்ஸ் ஓடிவந்தாள். அவர் அவளைக் கையால் அமர்த்திவிட்டு இன்னும் இரண்டு வரி எழுதினார்.

“சொன்னா பைப்பையே புடுங்கிடுவ. மொதல்ல இரும்ப மட்டும் புடுங்கினா சரியாயிடும்னு பாத்தேன்.”

நோட்டை மூடி அவர் மார்பில் வைத்தேன். அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க இடமில்லாமல் அந்த உடம்பெங்கும் குழாய் செருகியிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாயந்திரம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது தாடை

கதிர்வீச்சு முடிந்து, புண் ஆறி, செட் போடலாம் என்று அனுமதி கிடைக்க மாதக்கணக்கு ஆயிற்று. பைப் வீட்டில் இல்லை. அவரே யாருக்கோ கொடுத்துவிட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பிடுங்கிய குழாய் மட்டும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்தக் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். பேச்சு கொஞ்சம் குழறுகிறது, புதிதாகக் கேட்கிறவர்கள் இரண்டு தடவை கேட்பார்கள். சவா மட்டும் தெளிவாக வருகிறது, அதைச் சொன்னால் நான் முறைக்கிறேன்.

போன மாதம் டாக்டரம்மா அளவு எடுத்து அனுப்பினார். நானே பிளாஸ்டர் ஊற்றினேன். மறுநாள் காலை தட்டி எடுத்தேன். இடப்பக்கம் தாடை தாழ்ந்து, வெட்டிய இடம் பள்ளமாகத் தெரிந்தது.

பிறகு வெளிச்சத்துக்குத் திருப்பினேன். வலப்பக்கம் உள்ளே ஒரு குமிழி. கடுகளவு, அவ்வளவுதான். டாக்டரம்மா எடுக்கிற அளவில்கூட எப்போதாவது இப்படி ஒன்று வரும். யாரைக் கேட்டாலும் காற்று என்பார்கள். நானும் காற்று என்றுதான் சொல்வேன்.

கத்தியை எடுத்தேன். கீழே வைத்தேன்.

“என்னங்க! இங்க வாங்க!”

தாடைகள் வரிசையாக இருக்கிற அந்த அறைக்குள் வந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்று, தானாகவே வாயைத் திறந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, விரலை உள்ளே விட்டு அந்த இடத்தைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. இன்னொரு தடவை தடவினேன்.

அதன் பிறகுதான் கத்தியை எடுத்துச் சுரண்டினேன்.